போர்க்களத்தை பைக்கில் படிப்பது எப்படி?

பழைய போர்க்களம் பார்க்கப் போகிறவர்கள் முதலில் தேடுவது கோட்டைச் சுவரை. சுவர் இடிந்து கிடந்தால், 'இங்க ஒண்ணுமில்ல' என்று வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். கோலார் தங்கவயல் பக்கம் வந்து அப்படித் திரும்பினால் நஷ்டம் நமக்குத்தான். ஆங்கிலேயரும் மைசூர்க்காரர்களும் 30 ஆண்டுகளுக்கு மேல் மோதிக்கொண்ட வழித்தடம் இது. அந்தக் கதை பெரும்பாலும் ஏரிகளிலும் பாறைகளிலும் கணவாய்களிலும்தான் எழுதிக் கிடக்கிறது. காரில் போனால் ஏற்றம் இறக்கம் உடம்புக்குத் தெரியாது. நடந்து போகவோ தூரம் அதிகம். பைக் ஒன்றுதான் சரி. புல்லட்தான் வேண்டும் என்றில்லை. 100 சிசி வண்டியே போதும், நாற்பதுக்கு மேல் விரட்டாமல் இருந்தால்.

பேத்தமங்களாவில் தொடங்குங்கள். பாலாற்றில் அமைந்த பெரிய ஏரி. கரைமேல் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டுச் சுற்றிப் பாருங்கள். வாணர் குல அரசன் விஜயாதித்தன் பெயரால் விஜயாதித்தமங்கலம் என்று வழங்கிய ஊர் இது. ரயில் வருவதற்கு முன் மதராஸிலிருந்து பெங்களூர் போகும் பெருவழி இந்த ஊரைத் தொட்டுத்தான் போனது. அதற்குக் காரணம் உங்கள் கண்முன் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டுப் படை என்றால் வெறும் சிப்பாய்க் கூட்டம் என்று நினைக்காதீர்கள். பீரங்கி இழுக்க மாடு, அரிசி மூட்டை சுமக்க மாடு, குதிரைகள், யானைகள், பின்னாலேயே ஒரு நடமாடும் சந்தை. அத்தனை வாய்க்கும் தினமும் தண்ணீர் வேண்டும். அதனால் படைகள் ஏரிக்கு ஏரி தாவித்தான் நகர்ந்தன. இனி வழியில் எந்த ஏரியைக் கண்டாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இங்கே ஒரு படை இரவு தங்க முடியுமா? இந்தக் கேள்வி பழகிவிட்டால் பாதி வித்தை கைக்கு வந்துவிட்டது.

அடுத்து முள்பாகல். தோசைக்குப் பேர்போன ஊர். சாப்பிட்டுவிட்டே பாறைப் பக்கம் போகலாம். ஊரை ஒட்டி நிற்கும் மொட்டைப் பாறை மலையும் அதைச் சுற்றி இறைந்து கிடக்கும் உருண்டைக் கற்களும்தான் 1768 அக்டோபர் 4-ஆம் தேதிப் போரின் களம். மைசூரின் ஹைதர் அலி மீட்டுக்கொண்ட மலைக்கோட்டையைத் திரும்பப் பிடிக்க வந்த ஆங்கிலேயத் தளபதி கர்னல் வுட் ஏறமுடியாமல் பின்வாங்கினார். மறுநாள் ஹைதரின் பெரும்படை அவரை வளைத்துக்கொண்டது. இந்தக் கற்களுக்கு நடுவே நின்று பார்த்தால் அன்றைய குழப்பம் புரியும். ஐம்பது அடிக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. குதிரைப்படை வரிசை கட்டிப் பாய வழியில்லை. ஒவ்வொரு பாறையும் ஒரு தனிக் கோட்டை.

ஆங்கிலேயர் அணி குலையத் தொடங்கியபோது, மூட்டை முடிச்சுகளுக்குக் காவல் இருந்த கேப்டன் புரூக் ஒரு காரியம் செய்தார். நோயாளிகளையும் காயம்பட்டவர்களையும் சேர்த்துக்கொண்டு, இரண்டு பீரங்கிகளை மறைவாக ஒரு தட்டைப் பாறைமேல் இழுத்தேற்றினார். மேலிருந்து சுட்டபடியே எல்லோரும் 'ஸ்மித்! ஸ்மித்!' என்று கூவினார்கள். கர்னல் ஸ்மித்தின் உதவிப்படை வந்துவிட்டதாக இரு தரப்பும் நம்பின. வுட்டின் ஆட்கள் மீண்டும் அணி சேர்ந்தார்கள். மைசூர்ப் படை தயங்கிப் பின்வாங்கியது. அந்தத் தந்திரம் வேறு எங்காவது பலித்திருக்குமா? வெட்டவெளியில் பலித்திருக்காது. வந்தது யார் என்று பார்க்கவிடாமல் மறைத்த இந்தப் பாறைகள்தான் பலிக்க வைத்தன. எந்தப் பாறையாக இருக்கும் என்று நீங்களே தேடிப் பாருங்கள். பீரங்கி ஏறக்கூடிய சரிவு, மேலே தட்டையான இடம், கீழே திறந்த பார்வை, மூன்றும் ஒன்றாக வாய்த்த இடமாக இருக்க வேண்டும். கண்டுபிடித்தாலும் சரி, விட்டாலும் சரி, அந்தத் தேடலில் ஒரு தளபதியின் கண் உங்களுக்கு வந்துவிடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. புரூக்கின் பெயர் ஏட்டில் இருக்கிறது. அந்த பீரங்கியை இழுத்தவர்களில் கம்பெனிப் படையின் சிப்பாய்களும் உண்டு. மதராஸ் ராணுவத்துச் சிப்பாய்கள் பெரும்பாலும் நம் ஆற்காட்டுச் சீமையிலிருந்தும் அதன் சுற்றுப்புறத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. 'ஆங்கிலேயப் படை' என்று படிக்கும்போதெல்லாம் அந்த முகங்களையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நேர்மை.

ஹைதர் பிறந்த பூதிகோட்டையும், அவர் தந்தை அடக்கமான கோலார் மக்பராவும் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். தங்கவயலுக்கு நேரம் ஒதுக்குங்கள். 1799-இல் ஹைதரின் மகன் திப்பு வீழ்ந்தபின் எல்லை அளக்க வந்தவர்களில் ஒருவர் லெப்டினன்ட் ஜான் வாரன். ஆங்கிலேயத் தளபதி வெல்லெஸ்லியின் 33-ஆம் ரெஜிமென்ட்காரர். 1802-இல் மாரிக்குப்பம் பக்கம் ஊர்மக்கள் மண்ணைத் தோண்டி அரித்துப் பொன் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். அவர் எழுதியதைப் பல ஆண்டு கழித்துப் படித்தவர் மைக்கேல் லவெல். நியூசிலாந்தில் மாவோரிகளோடு போரிட்டு ஓய்வு பெற்று, பெங்களூர் கன்டோன்மென்ட்டில் குடியேறிய ஐரிஷ் சிப்பாய். 1875-இல் சுரங்க உரிமம் வாங்கினார். போருக்குப் பின் சர்வே, சர்வேக்குப் பின் சுரங்கம். இந்தச் சங்கிலியை மனதில் வைத்துக்கொண்டு சாம்பியன் ரீஃப், உரிகம் பக்கம் மெதுவாக ஓட்டுங்கள். துரைமார் பங்களாக்களும் தொழிலாளர் லைன்களும் எவ்வளவு அருகருகே, எவ்வளவு எட்டி நிற்கின்றன என்பது தெரியும். இந்த ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் தந்ததும் பேத்தமங்களா ஏரிதான். 2001-இல் சுரங்கம் மூடியாகிவிட்டது. சயனைடு மண்மேடுகள்மேல் ஏறாதீர்கள். பழைய ஷாஃப்ட் பக்கம் அனுமதியில்லாமல் போகாதீர்கள்.

கடைசியாக மொகிலி கணவாய். முள்பாகல், பலமநேர் தாண்டி பங்காருபாளையம் வரை இறங்கி, வண்டியைத் திருப்பி மறுபடி ஏறுங்கள். ஏறும்போதுதான் இதை ரசிக்க முடியும். அமெரிக்காவின் யார்க்டவுனில் 1781-இல் சரணடைந்த அதே ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ், பத்தாண்டு கழித்து 1791 பிப்ரவரியில் வேலூரிலிருந்து புறப்பட்டார். ஆம்பூர் கணவாய்க்குப் போவதுபோல் திப்புவுக்குப் போக்குக் காட்டிவிட்டு, இந்தச் சரிவில் பீரங்கிகளை ஏற்றினார். மேலே வந்தபின் கோலாரும் ஹொஸ்கோட்டையும் எதிர்ப்பில்லாமல் விழுந்தன; மார்ச் 21-ஆம் தேதி இரவு பெங்களூர்க் கோட்டை விழுந்தது. உங்கள் வண்டி மூன்றாவது கியரில் திணறும் இடத்தில் முட்டுக் கொடுத்து நின்ற மாடுகளை நினைத்துப் பாருங்கள். லாரிகள் பிரேக் பிடிக்காமல் வரும் சாலை இது; இடப்பக்கம் ஒதுங்கியே ஏறுங்கள், வளைவுகளில் நிற்காதீர்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை நல்ல பருவம். எல்லை தாண்டி ஆந்திராவுக்குள் போய்வருவதால் ஆர்.சி., இன்சூரன்ஸ் கையில் இருக்கட்டும். தமிழ்நாட்டுக்காரர்கள் திரும்பும்போது வி.கோட்டா வழியாகப் பத்தலப்பல்லி மலைப்பாதையில் பேரணாம்பட்டுக்கு இறங்கினால், இன்னொரு கணவாயும் கணக்கில் சேரும்.