பகைவனும் ஓர் எண்: சுய்கோடென் தொடரை முன்வைத்து

சுய்கோடென் ரசிகர்கள் இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும் பேச்சு ஒரே தடத்தில்தான் ஓடும். இரண்டாம் பாகம்தான் உச்சம். லூகா ப்ளைட் மாதிரி ஒரு வில்லன் அதுக்கு முன்னாடியும் வரல, பின்னாடியும் வரல. மூணாவதுல முப்பரிமாணத்துக்குப் போய்க் கெடுத்துட்டாங்க. நாலாவதுல கப்பல் ஓட்டியே தூக்கம் வந்துடும். அஞ்சாவது பரவாயில்ல. கடைசியில் ஒரு பெருமூச்சு: "இதுக்குக் கிடைக்க வேண்டிய பேர் கிடைக்கலடா."

பெருமூச்சில் நியாயம் இருக்கிறது. முதல் பாகத்தை 1995 டிசம்பரில் பிளேஸ்டேஷனுக்காகக் கொனாமி வெளியிட்டது. எழுதி இயக்கியவர் யோஷிதகா முராயாமா. 1997இல் ஃபைனல் ஃபேண்டஸி 7 வந்ததும் ரோல் பிளேயிங் கேம் என்றாலே முப்பரிமாண உருவங்களும் நீளமான காணொளிக் காட்சிகளும்தான் என்று ஆகிவிட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, தட்டையான சின்னச் சின்ன இருபரிமாண உருவங்களோடு சுய்கோடென் 2 வந்து நின்றது. அமெரிக்காவுக்கு அது போய்ச் சேர்ந்தது 1999இல், ஃபைனல் ஃபேண்டஸி 8 வந்த அதே ஆண்டில். விற்ற பிரதிகள் குறைவு. பிற்காலத்தில் அதன் பழைய டிஸ்க் ஒன்று நூறு டாலருக்கு மேல் கைமாறியது. மூன்றாம் பாகம் ஐரோப்பாவில் அப்போது வெளியாகவே இல்லை. நம்மூரில் கேட்கவே வேண்டாம். எமுலேட்டர் புண்ணியத்தில் கணினியில் ஆடியவர்கள்தான் அதிகம். நானும் அந்தக் கூட்டம்தான்.

ஆனால் உலகம் இந்தத் தொடரைக் குறைத்து மதிப்பிட்டது என்று புலம்பும் ரசிகர்கள், தாங்களும் அதைக் குறைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள் என்பது என் எண்ணம். அவர்கள் கொண்டாடும் விஷயங்கள் எல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால் இந்தத் தொடர் மூன்று பாகங்களாகக் கேட்டுக்கொண்டே வந்த ஒரு கேள்வி அந்தக் கொண்டாட்டத்தில் காணாமல் போகிறது. உன் வீட்டில் ஒருவனைக் கொன்றவனோடு ஒரே கூரைக்கு அடியில் உன்னால் இருக்க முடியுமா? இதுதான் அந்தக் கேள்வி. அதை முழு நேர்மையோடு கேட்ட பாகம், ரசிகர்கள் கை கழுவிவிட்ட மூன்றாவது பாகம்.

இனி கதைகளின் முடிவுகளைச் சொல்லாமல் பேச வழியில்லை. ஆடப்போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எல்லாப் பாகத்திலும் அடிப்படை ஒன்றுதான். ஒரு போர். உங்களுக்கு ஒரு கோட்டை. அதில் 108 பேரைச் சேர்க்க வேண்டும். இந்த எண் 'ஷுய்ஹூ ஜுவான்' என்ற பழைய சீன நாவலிலிருந்து வந்தது. அதன் பெயரை ஜப்பானிய உச்சரிப்பில் சொன்னால் சுய்கோடென். லியாங்ஷான் சதுப்பு நிலத்தில் ஒதுங்கிய 108 கலகக்காரர்களின் கதை அது. நாவலைப் பற்றிப் பேசும்போது அவர்களுடைய வீரத்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அந்த 108 பேரில் பலர், கலகக்காரர்களைப் பிடிக்க வந்து தோற்று, பிறகு அவர்களோடு சேர்ந்துகொண்ட அரசுத் தளபதிகள். சின் மிங் என்று ஒரு தளபதி. அவனைத் தங்கள் பக்கம் இழுக்கக் கலகக்காரர்கள் ஒரு சூழ்ச்சி செய்கிறார்கள். அதில் அவன் குடும்பமே கொல்லப்படுகிறது. அந்தச் சூழ்ச்சியைச் செய்தவர்களோடுதான் அவன் சேர்கிறான். நாவல் இதை ஒரு திருமணத்தை வைத்துச் சமாதானப்படுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறது. முராயாமா வேண்டுமென்றே செய்தாரோ இல்லையோ, நாவல் தாண்டிப்போன அந்த இடத்தில்தான் சுய்கோடென் நின்றுவிடுகிறது.

முதல் பாகத்தின் நாயகன் பேரரசின் பெருந்தளபதி டியோ மெக்டோலின் மகன். அவனைச் சின்ன வயதிலிருந்து சோறூட்டி வளர்த்தவன் கிரெமியோ. சிறைச்சாலை ஒன்றில், மனிதச் சதையைத் தின்னும் நச்சு வித்துகளைத் தளபதி மிலிக் ஓப்பன்ஹைமர் தூவிவிடுகிறான். கதவை வெளியிலிருந்து பூட்டத் தானே பின்தங்கி, மற்றவர்களைக் காப்பாற்றிவிட்டுக் கிரெமியோ செத்துப்போகிறான். கதவு திறக்கும்போது உடல்கூட மிஞ்சவில்லை. அடுத்து நீங்கள் படையெடுத்துப் போய் மிலிக்கைத் தோற்கடிக்கிறீர்கள். மந்திரத்தின் பிடியில் இருந்தேன் என்கிறான் அவன். திரையில் ஒரு தேர்வு வருகிறது: கொல்வதா, விடுவதா?

விட்டால் அவன் உங்கள் கோட்டைக்கு வருவான். 108 பேரில் அவனும் ஒருவன். கொன்றால் எண்ணிக்கை நிறையவே நிறையாது. அவன் மட்டும் இல்லை. கதையில் பிறகு நாயகன் தன் அப்பாவையே நேருக்கு நேர் சண்டையில் கொல்ல வேண்டியிருக்கிறது. அப்பாவின் இரு துணைத் தளபதிகளும், அப்பாவைக் காதலித்த சோன்யா ஷுலெனும் கடைசியில் அதே பட்டியலில் சேர்கிறார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து பாருங்கள்: தங்கள் தலைவரைக் கொன்றவனின் கோட்டையில் போய்க் குடியேறுகிறார்கள்.

அதனால்தான் 108 என்பதை "எல்லாத்தையும் சேகரி" என்கிற வழக்கமான கேம் சமாச்சாரமாகப் பார்ப்பது தப்பு என்கிறேன். பிடித்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டு இந்த எண்ணை எட்டவே முடியாது.

ஆனால் முதல் பாகத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடைசிப் போருக்கு முன் மற்ற எல்லாரையும் சேர்த்துவிட்டால் கிரெமியோ உயிரோடு திரும்பி வருகிறான். முதல் தடவை பார்க்கும்போது கண் கலங்கும், மறுப்பதற்கில்லை. கொஞ்சம் யோசித்தால் ஒரு உறுத்தல். கொலைகாரனை மன்னித்ததற்குக் கூலியாகக் கொலையே நடக்காத மாதிரி ஆகிவிட்டது. வேலைநேரம் முழுக்க நிரல் எழுதுகிறவன் கண்ணுக்கு இது அப்பட்டமாகத் தெரியும். எல்லாக் கொடியும் உயர்ந்துவிட்டதா? அப்படியென்றால் இந்தக் கிளைக்குப் போ. வாக்த்ரூ எழுதுகிறவர்களும் அதையே செய்கிறார்கள்: "மிலிக்கை விட்டுவிடவும், இல்லாவிட்டால் நல்ல முடிவு கிடைக்காது." மன்னிப்பு ஒரு நிபந்தனை ஆகிவிட்டது. கூலிக்குச் செய்தால் அது மன்னிப்பா?

இரண்டாம் பாகம் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகிறது. ரசிகர்கள் அதில் லூகா ப்ளைட்டைத்தான் பார்க்கிறார்கள். ஹைலேண்ட் நாட்டு இளவரசன். தன் நாட்டுச் சிறுவர் படையையே வெட்டித்தள்ளிவிட்டுப் பழியை எதிரி நாட்டின் மேல் போடுகிறவன். உயிருக்குக் கெஞ்சும் ஒரு பெண்ணைப் பன்றி மாதிரி நடிக்கச் சொல்லிவிட்டு அப்புறம் கொல்கிறவன். அவனை வீழ்த்த, ஆறு பேர் கொண்ட மூன்று அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக மோத வேண்டும். அதற்குப் பிறகும் நிற்கிறவனோடு நாயகன் தனியாக ஒரு சண்டை போட வேண்டும். மின்மினிகள் பறக்கும் மரத்தடியில் அவன் சாகும் காட்சி, ஆர்பிஜி வரலாற்றின் மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று. இதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அவன் செத்த பிறகு என்ன நடக்கிறது? போர் நிற்கவில்லை. அந்த இரவுத் தாக்குதலைப் பற்றி நமக்குத் தகவல் கசிந்ததே எதிர்ப்பக்கம் இருக்கும் ஜோவியின் திட்டத்தால்தான். ஜோவி நாயகனின் உயிர் நண்பன். சிறுவர் படையில் கூடவே இருந்து கூடவே தப்பியவன். லூகா போனதும் அவன் ஹைலேண்டின் அரசனாகிறான். ஒரே வலிமையான நாடு அமைந்தால்தான் சண்டை ஓயும் என்று நம்புகிறான். நாயகனும் சண்டை ஓயத்தான் போராடுகிறான். அரக்கன் போய்விட்டான், களத்தில் மிச்சம் இருப்பது இரண்டு நல்ல பையன்கள். இனிமேல்தான் போர் கடினமாகிறது. லூகாவின் சாவோடு நினைவை நிறுத்திக்கொள்ளும் ரசிகன், கதை ஆரம்பிக்கும் இடத்தில் எழுந்துபோய்விடுகிறான்.

கடைசிக் காட்சி இன்னும் முக்கியம். இருவரும் பிரிந்தால் திரும்பச் சந்திப்பதாக வாக்குக் கொடுத்த மலைப்பாதையில் ஜோவி காத்திருக்கிறான். இந்தத் தொடரின் ஒற்றைச் சண்டையில் மூன்றே மூன்று தேர்வுகள்: தாக்கு, வெறியோடு தாக்கு, தடு. முழு விளையாட்டும் எப்போது தாக்குவது என்று கற்றுக்கொடுத்திருக்கிறது. இங்கே ஒவ்வொரு முறையும் தடுக்க மட்டும்தான் வேண்டும். தாக்க மறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கருவியில் இருக்கும் ஒரு பொத்தானை அழுத்தாமல் இருப்பதே கதையாகும் இடம் அது. இப்படி எழுத நாவலாசிரியனால் முடியாது, சினிமாக்காரனாலும் முடியாது.

இருந்தாலும் இங்கேயும் கூலி உண்டு. 108 பேரையும் உரிய நேரத்துக்குள் சேர்த்திருந்தால், அம்பு பட்டு இறந்துபோனதாக நம்மை நம்பவைத்த அக்கா நனாமி உயிரோடு இருக்கிறாள். கிரெமியோவைப் போல மாயத்தால் எழுப்பவில்லை, மறைத்து வைத்திருந்தார்கள். கொஞ்சம் முதிர்ச்சி. ஆனால் கணக்கு அதே கணக்கு.

2002இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த மூன்றாம் பாகம் இந்தக் கணக்கை உடைக்கிறது. கதையை மூன்று பேர் வழியாகச் சொல்கிறார்கள். யாருடைய அத்தியாயத்தை முதலில் ஆடுவது என்பது நம் விருப்பம். கராயா பழங்குடித் தலைவியின் மகன் ஹியூகோ. ஜெக்ஸென் நாட்டு வீரர்களின் தலைவி கிறிஸ் லைட்ஃபெல்லோ. கூலிப்படை மாதிரித் திரியும் நடுவயதுக்காரன் கெட்டோ. ஹியூகோவாக ஆடும்போது, பயணம் முடிந்து ஊர் திரும்பினால் ஊர் எரிந்துகொண்டிருக்கிறது. கோபத்தில் பாய்ந்த நண்பன் லூலூவை, வெள்ளிக் கவசம் அணிந்த ஒரு பெண் வெட்டிச் சாய்க்கிறாள். சின்னப் பையன். அவளைக் கொல்ல வேண்டும் என்று தோன்றும். எனக்குத் தோன்றியது.

அப்புறம் கிறிஸ்ஸின் அத்தியாயம். இப்போது அந்தக் கவசம் நம் மேல். சமாதானப் பேச்சு முறிந்து, சிக்கிக்கொண்ட சொந்தப் படையைக் காப்பாற்ற எதிரியைத் திசைதிருப்ப வேண்டியிருக்கிறது. கிராமத்துக்குப் போகிறோம். என்ன நடக்கப்போகிறது என்று நமக்குத் தெரியும். பொத்தானை அழுத்தி நாமே அவளை அங்கே நடத்திக்கொண்டு போகிறோம். பக்கவாட்டிலிருந்து ஒரு உருவம் பாய்கிறது, பழகிய கை தன்னால் வீசுகிறது, விழுந்தது ஒரு சிறுவன். அவள் நல்லவள் என்பதால் அவன் சாவு நியாயமாகிவிடாது. அவன் செத்ததால் அவள் அரக்கி ஆகிவிடவும் மாட்டாள். இரண்டையும் சேர்த்துச் சுமக்க வேண்டியது ஆடுகிறவன்.

பிறகு பெரிய எதிரி வருகிறான். ஹியூகோவும் கிறிஸ்ஸும் ஒரே கோட்டையில், ஒரே படையில். 108 பேரையும் சேர்த்தாலும் லூலூ திரும்பி வருவதில்லை. கராயா கிராமம் எரியாத கிராமமாக ஆவதில்லை. யாரும் எழுப்பப்படுவதில்லை, யாரையும் மறைத்து வைக்கவும் இல்லை. அப்படியானால் 108 பேரைச் சேர்த்ததற்கு என்னதான் பரிசு? கதை முடிந்த பிறகு ஒரு கூடுதல் அத்தியாயம் திறக்கிறது. அதில் நீங்கள் ஆடுவது லூக்காக. முழு விளையாட்டிலும் நீங்கள் எதிர்த்த எதிரியாக.

இந்த லூக் யார் என்பதுதான் அடி வயிற்றில் விழும் குத்து. முதல் இரண்டு பாகங்களிலும் உங்கள் 108 பேரில் ஒருவன் அவன். கோட்டைக்குள் 108 பெயர்கள் பொறித்த கற்பலகைக்குப் பக்கத்தில் எப்போதும் நின்றுகொண்டிருந்த அந்தத் திமிர் பிடித்த பையன். பட்டியலில் பெயர் ஏறிவிட்டது, அவன் நம்மவன் என்று நினைத்து நாம் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தோம். அவன் உள்ளே என்ன சுமந்துகொண்டிருந்தான் என்று இரண்டு விளையாட்டுகளில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. முன்பு பகைவனை எண்ணிக்கையில் சேர்த்தோம். இப்போது, எண்ணிக்கையில் சேர்ந்தவனே பகைவன் ஆகிறான். எண்ணியது போதாது என்று தொடர் தன் சொந்த விதியையே திருத்துகிறது.

மூன்றாம் பாகத்தின் மேல் சொல்லப்படும் புகார்கள் பொய்யில்லை. ஒரே சமவெளியை மூன்று பேருக்காகவும் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும். ஓட்டம் மெதுவு. இருவர் இருவராகப் பிணைத்துவிடும் சண்டை முறை எரிச்சல் தரும். இரண்டாம் பாகத்தின் கச்சிதம் இதில் இல்லை. ஆனால் "லூகா மாதிரி வில்லன் இல்ல" என்பது புகாரே இல்லை. இல்லாததுதான் விஷயம். வெறுக்க வசதியான ஒருவனை எடுத்துவிட்டால் போரில் யார் மிச்சம் இருப்பார்கள் என்று காட்டவே அந்த மூன்று கண்கள்.

மூன்றாம் பாகம் வெளிவருவதற்கு முன்பே முராயாமா கொனாமியை விட்டு விலகிவிட்டார். 2020இல் ரசிகர்கள் 45 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுக்க, அதே பாணியில் ஐயுடென் குரோனிக்கிள் என்ற கேமை உருவாக்கினார். அது 2024 ஏப்ரலில் வெளிவந்தது. அவர் அந்தப் பிப்ரவரியிலேயே இறந்துபோனார். 2025 மார்ச்சில் சுய்கோடெனின் முதல் இரண்டு பாகங்களும் புது மெருகோடு வந்தன. மூன்றாவது அந்தத் தொகுப்பில் இல்லை. புதிதாக வருகிறவர்கள் கிரெமியோ உயிர்த்தெழும் தொடரையும், நனாமி தப்பிக்கும் தொடரையும் சுலபமாக வாங்கிவிடலாம். லூலூ செத்தே கிடக்கும் தொடரைத் தேடித்தான் போக வேண்டும்.

தேடிப் போங்கள். அதற்கு முன் அந்த இரண்டையும் ஆடுங்கள். ஆடும்போது கற்பலகைக்குப் பக்கத்தில் நிற்கும் பையனோடு அடிக்கடி பேசிப் பாருங்கள். பெரிதாக ஒன்றும் சொல்லமாட்டான். இருந்தாலும் பேசுங்கள்.