ரீசெட்: எது தீரும், எது தீராது

போன் ஹேங் ஆகிறது, சூடாகிறது, செயலிகள் திறந்த கையோடு மூடிக்கொள்கின்றன என்று யாரிடம் சொன்னாலும் முதலில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஒரு ரீசெட் போட்டுப் பாருங்க." அதற்கும் அடங்கவில்லை என்றால் சர்வீஸ் கடையில் அடுத்த பதில் வரும்: "சாஃப்ட்வேர் போடணும்." முதலாவது ஃபேக்டரி ரீசெட். இரண்டாவது, போனின் இயங்குதளத்தையே முழுதாக மறுபடி ஏற்றுவது. தொழில் வழக்கில் ஃப்ளாஷ் செய்வது. இரண்டும் பயனுள்ள வழிகள்தாம். பல கோளாறுகளை இவை உண்மையாகவே தீர்க்கின்றன. ஆனால் கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே இவற்றில் இறங்கும் பழக்கம் பரவிவிட்டது. அந்த அவசரத்தின் விலையைக் கொடுப்பவர் போனின் சொந்தக்காரர் ஒருவரே. அதனால்தான் இந்த முறையை எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அழிவது எந்தப் பகுதி?

ஆண்ட்ராய்டு போனின் சேமிப்பகம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. போனைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் ஒரு பகுதியில் இருக்கிறது, இயங்குதளம் இன்னொன்றில். சிம்மோடு பேசும் மோடத்தின் மென்பொருளுக்கும் அளவுத்திருத்தத் தகவல்களுக்கும் தனிப் பகுதிகள் உண்டு. நாம் நிறுவிய செயலிகள், அவற்றின் தரவுகள், படங்கள், மாற்றிவைத்த அமைப்புகள் ஆகியவை பயனர் பகுதியில் சேர்கின்றன. ரீசெட் துடைத்தெடுப்பது இந்தப் பயனர் பகுதியைத்தான். இயங்குதளத்தில் அது கை வைப்பதில்லை. ஆண்ட்ராய்டு 12 இருந்த போனை வாங்கி, அப்டேட் வழியாக 14க்கு வந்திருந்தால், ரீசெட்டுக்குப் பிறகும் அதில் 14தான் இருக்கும். அப்டேட்டுக்குப் பின் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்று ரீசெட் செய்கிறவர்களில் பலர் பழைய பதிப்பு திரும்பிவிடும் என்று நம்புகிறார்கள். அது திரும்பாது.

ஆகவே கோளாறு பயனர் பகுதியில் இருந்தால் ரீசெட் கைகொடுக்கும். அதற்குக் கீழேயோ வெளியேயோ இருந்தால் கைகொடுக்காது. இந்த முறையின் பலமும் பலவீனமும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகின்றன.

பலம்

பயனர் பகுதியில் பிறக்கும் கோளாறுகள் குறைவல்ல. பெரிய அப்டேட் வந்த பிறகு பழைய பதிப்பின் அமைப்புகள் புதியதோடு ஒத்துப்போகாமல் இடறலாம். ஒரு செயலியின் தரவு சிதைந்து, அது பின்னணியில் ஓயாமல் முயன்று பேட்டரியைத் தின்னலாம். எங்கிருந்தோ இறக்கி நிறுவிய ஏபிகே கோப்பு (செயலியின் நிறுவல் கோப்பு) விளம்பரங்களாகக் கொட்டலாம். எந்தச் செயலி குற்றவாளி என்று தேடிக் களைத்துப்போனவருக்கு ரீசெட் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் நீக்கிக் கொடுக்கிறது. காசு செலவில்லை, கருவி தேவையில்லை.

அதிகம் பேசப்படாத இன்னொரு பலமும் உண்டு: ரீசெட் ஒரு நல்ல சோதனை. ரீசெட் செய்த போனில் எந்தச் செயலியும் ஏற்றாமல், எந்தப் பேக்கப்பையும் மீட்காமல் ஓரிரு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் கோளாறு வந்தால் பழி பயனர் பகுதிமேல் இல்லை என்பது ஏறக்குறைய உறுதியாகிவிடும். ஆனால் பெரும்பாலோர் ரீசெட் முடிந்த கையோடு பழைய பேக்கப்பை முழுதாக இறக்கிவிடுகிறார்கள். சிதைந்த அமைப்புகளும் வம்பு செய்த செயலியும் கூடவே வந்து சேர்கின்றன. சோதனையும் வீணாகிறது, சிகிச்சையும் வீணாகிறது.

போனை விற்கும்போது ரீசெட்டின் பயன் ஐயமற்றது. ஒரு காலத்தில் அப்படி இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் லாரன்ட் சைமனும் ராஸ் ஆண்டர்சனும் 21 பழைய ஆண்ட்ராய்டு போன்களை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், ரீசெட்டுக்குப் பிறகும் பழைய தகவல்களை மீட்க முடிந்ததைக் காட்டினார்கள். 50 கோடிப் போன்கள் வரை இந்தக் குறையோடு புழங்கக்கூடும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். அதன் பிறகு சேமிப்பகக் குறியாக்கம் பரவியது. ஆண்ட்ராய்டு 10 உடன் வெளிவந்த போன்கள் எல்லாவற்றுக்கும் அது கட்டாயமானது. இப்போது ரீசெட் குறியாக்கச் சாவியை அழித்துவிடுகிறது. மிஞ்சிக் கிடக்கும் தரவு யாருக்கும் பயன்படாது. தகவல் பாதுகாப்புக்கு இது பெரிய முன்னேற்றம். பேக்கப் எடுக்காதவருக்கோ இதே முன்னேற்றம் தரவை மீட்கும் கடைசி வழியையும் அடைத்துவிட்டது.

தீராதவை

முதலில் வன்பொருள். 2015இல் வந்த எல்ஜி ஜி4 போன்கள் பல, தொடங்கும்போதே லோகோவில் நின்று மறுபடி மறுபடி அணைந்து எழுந்தன. மென்பொருள் கோளாறு போலவே அது தோன்றியது. 2016 ஜனவரியில் எல்ஜி காரணத்தை ஒப்புக்கொண்டது: பாகங்களுக்கிடையேயான இணைப்பு தளர்ந்திருந்தது. ஹுவாவே தயாரித்த நெக்சஸ் 6பி போன்களும் இதே வகைத் தொல்லையில் சிக்கின. 2017இல் ஆர்வலர்கள் சிப்பின் பெரிய கோர்களை முடக்கி, சிறிய கோர்களால் மட்டும் இயங்கும்படி பூட் கோப்பைத் திருத்தினார்கள்; செத்துக் கிடந்த போன்கள் பல எழுந்தன. நோயின் இடம் சிப்பின் பக்கம் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ரீசெட்டை எத்தனை முறை செய்தாலும் இந்தக் கோளாறு தீர்ந்திருக்காது.

அடுத்தது பேட்டரி. ஐபோன் 6எஸ், 7 மாடல்கள் வேகம் குறைந்ததை 2017 டிசம்பரில் பிரைமேட் லேப்ஸின் ஜான் பூல் கீக்பெஞ்ச் என்ற வேகச் சோதனையின் அளவீடுகளைக் கொண்டு வெளிப்படுத்தினார். முதுமையடைந்த பேட்டரி திடீரென்று போனை அணைத்துவிடாதிருக்க, வேகத்தை மென்பொருள் வழியாகக் கட்டுப்படுத்துவதாக ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பிறகு மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. அந்தப் போன்களுக்கு வேகத்தைத் திருப்பித் தந்தது புதிய பேட்டரி. அதற்கு முன் போனை அழித்து அழித்துப் பார்த்தவர்கள் தங்கள் நேரத்தைத்தான் இழந்திருப்பார்கள்.

மூன்றாவது, வெளியிலிருந்து வரும் கோளாறு. 2021 மார்ச்சில், செயலிகளுக்குள் வலைப்பக்கங்களைக் காட்டும் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூவின் ஒரு பழுதான அப்டேட் உலகெங்கும் ஜிமெயில் உள்ளிட்ட பல செயலிகளை மூடவைத்தது. வெப்வியூவின் அப்டேட்டை மட்டும் நீக்கினால் போதுமாக இருந்தது. கூகுளும் விரைவில் திருத்திய பதிப்பை அனுப்பியது. ஓர் அறையில் ஒழுகினால் வீட்டையே இடிப்பதில்லை. அன்று ரீசெட் செய்தவர்கள் அதைத்தான் செய்தார்கள்.

நான்காவது, தீநிரல். 2019இல் எக்ஸ்ஹெல்பர் என்ற தீநிரல் ஆயிரக்கணக்கான போன்களில் புகுந்தது. பாதுகாப்பு நிறுவனமான சிமான்டெக்கின் கணக்குப்படி 45,000 போன்கள். பாதிப்பு அதிகமிருந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ரீசெட் செய்தாலும் அது திரும்பி வந்தது. பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகளில் அது இயங்குதளப் பகுதிக்குள்ளேயே தன்னைப் பதித்துக்கொண்டதை 2020இல் இன்னொரு பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி விளக்கியது. அங்கே ஃப்ளாஷ்தான் வழி. ஆனால் சில மலிவுப் போன்களில், போனோடு வரும் மென்பொருளான ஃபர்ம்வேரிலேயே தீநிரல் இருந்ததால், அதே கோப்பை மறுபடி ஏற்றுவதும் அந்தப் போன்களில் பயன் தராது.

ரீசெட்டே தொல்லையான நிகழ்வும் உண்டு. 2024இல் பிக்சல் 6 வரிசைப் போன்கள் சில, ரீசெட் செய்த பிறகு எழவே மறுத்தன. ஒரு கோப்பைக் காணவில்லை என்ற பிழைச்செய்தியோடு அவை நின்றுவிட்டன.

ஃப்ளாஷ்: வல்லமையும் ஆபத்தும்

அப்டேட் பாதியில் நின்றுபோன போனை, இயங்குதளம் சிதைந்து லோகோவிலேயே கிடக்கும் போனை மீட்க ஃப்ளாஷுக்கு மாற்று இல்லை. இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையை நீக்க வேண்டும். சாஃப்ட்வேர் போட்டால் எல்லாம் அழிந்தே தீரும் என்பது உண்மையல்ல. ஐபோனை ரெகவரி மோடில் (மீட்புக்கான தனி நிலையில்) கணினியோடு இணைத்தால் அப்டேட், ரீஸ்டோர் என்று இரண்டு தேர்வுகள் வரும். அப்டேட், தரவைத் தொடாமல் ஐஓஎஸை மறுபடி ஏற்ற முயலும், ரீஸ்டோர்தான் அழிக்கும். சாம்சங் போனை ஓடின் கருவியால் ஃப்ளாஷ் செய்யும்போது ஹோம்-சிஎஸ்சி கோப்பைத் தேர்ந்தால் தரவு தங்கும்; வெறும் சிஎஸ்சி கோப்பு துடைத்துவிடும். பிக்சலில் முழு ஓடிஏ (அப்டேட்) கோப்பை ரெகவரி வழியாக ஏற்றினாலும் தரவு போகாது. மேசைமேல் இந்த வழிகள் இருக்க, எடுத்த எடுப்பில் அழிக்கும் வழியைத் தேர்வது வேலைத்திறன் ஆகாது. "தரவு போகாம போட முடியுமா?" என்று கடையில் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

ஆபத்துகளையும் மறைக்கக் கூடாது. மாடலின் ஓர் எழுத்து மாறிய ஃபர்ம்வேர் போனைச் சாகடிக்கும். 2018இல் ஷாவ்மி ரெட்மி நோட் 5 ப்ரோவில் பழைய பதிப்புக்குத் திரும்புவதைத் தடுக்கும் பூட்டு வந்தது. அதை அறியாமல் பழைய கோப்பை ஏற்றியவர்களின் போன்கள் செங்கல்லாயின. ஷாவ்மியின் மி ஃப்ளாஷ் கருவியில் எல்லாவற்றையும் துடைத்துப் பூட்லோடரையும் பூட்டும் தேர்வு உண்டு. சீனச் சந்தைக்கான போனில் உலகப் பதிப்பை ஏற்றி அதை அழுத்திவிட்டால் போன் திறக்காது. மோடம் சார்ந்த பகுதிகளில் கை தவறினால் போனின் அடையாளமான ஐஎம்இஐ எண் தொலைந்து சிக்னல் போய்விடும். தொலைந்த எண்ணுக்குப் பதிலாக வேறு எண்ணை எழுதித் தருவதாக யாராவது சொன்னால் விலகி வந்துவிடுங்கள்: இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி ஐஎம்இஐ எண்ணைத் திருத்துவது மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

யார் இழக்கிறார்கள்?

ஒரு போனோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கச் சர்வீஸ் கடைக்காரரால் முடியாது. பத்து நிமிடத்தில் முடியும் வழியை அவர் நாடுவதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பத்து நிமிடம் போன்காரருக்குப் பல நாள் வேலை. வாட்ஸப் பேக்கப் எடுக்கப்பட்டதா? குறியாக்கம் செய்த பேக்கப் என்றால் அதன் கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ கையில் இருக்கிறதா? இரட்டைச் சரிபார்ப்புக்கான ஆதென்டிகேட்டர் குறியீடுகள் ஒத்திசைக்கப்படாமல் போனால் மின்னஞ்சலுக்குள்ளேயே நுழைய முடியாது. யுபிஐ செயலிகள் ஒவ்வொன்றிலும் சிம்மை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் கூகுள் கணக்கு. திருட்டைத் தடுக்க 2015இல் ஆண்ட்ராய்டு 5.1 ஒரு காவலைக் கொண்டுவந்தது: ரெகவரி வழியாக ரீசெட் செய்தால் முன்பிருந்த கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் வீடுகளில் பெரியவர்களின் ஜிமெயில் கணக்கை மகனோ கடைக்காரரோ தொடங்கிக் கொடுத்திருப்பார். கடவுச்சொல் யாருக்கும் நினைவிருக்காது. ரீசெட்டுக்குப் பிறகு சொந்தப் போன் சொந்தக்காரரையே வெளியே நிறுத்திவிடும்.

இன்னோர் இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. எப்போதாவது வரும் கோளாறின் தடயங்கள் போனின் பதிவுகளில் இருக்கும். ரீசெட் அவற்றையும் அழிக்கிறது. அடுத்த முறை கோளாறு வரும்போது விசாரணை மறுபடி தொடக்கத்திலிருந்தே நடக்க வேண்டும்.

முறை எப்படி இருக்க வேண்டும்?

சிறியதிலிருந்து பெரியதற்குப் போக வேண்டும். போனை அணைத்து எழுப்புங்கள். சேமிப்பகம் நிரம்பியிருந்தால் இடம் ஒழியுங்கள். காலியிடம் இல்லாத போன் தடுமாறத்தான் செய்யும். நிலுவையிலுள்ள அப்டேட்டுகளை முடியுங்கள். பிறகு சேஃப் மோடில் ஓட்டுங்கள்: நீங்கள் நிறுவிய செயலிகள் அதில் இயங்காது, தரவு எதுவும் அழியாது. அங்கே போன் ஒழுங்காக ஓடினால் குற்றவாளி ஒரு செயலி. அண்மையில் நிறுவியவற்றை ஒவ்வொன்றாக நீக்கிக் கண்டுபிடித்துவிடலாம். வைஃபை, புளூடூத் தொல்லைக்கு நெட்வொர்க் அமைப்புகளை மட்டும் மீட்டமைக்க வழி உண்டு. ஐபோனில் தரவைத் தொடாமல் அமைப்புகளை மட்டும் மீட்டமைக்கலாம். சேஃப் மோடிலும் சூடாகி அணைந்தால், திரையில் கோடு விழுந்தால், பேட்டரியையும் வன்பொருளையும் சோதியுங்கள்; சாம்சங் மெம்பர்ஸ் போன்ற செயலிகளில் அந்தச் சோதனை வசதி இருக்கிறது. இவையெல்லாம் முடிந்தும் தீராதபோது, பேக்கப் எடுத்து, கணக்கும் கடவுச்சொல்லும் சரிபார்த்து, பிறகு ரீசெட். அதற்கும் பிறகே ஃப்ளாஷ்.

நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. திரை மாற்றக் கொடுக்கும் போனைக்கூடத் தனியுரிமையின் பெயரால் ரீசெட் செய்யச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. சாம்சங் 2022இல் மெயின்டனன்ஸ் மோடையும் கூகுள் 2023 டிசம்பரில் பிக்சலுக்கு ரிப்பேர் மோடையும் கொண்டுவந்தன. தரவை மறைத்துவைத்துப் போனைப் பழுதுபார்க்கக் கொடுக்க இவை போதும். எல்லா நிறுவனங்களும் மலிவு மாடல்களுக்கும் இந்த வசதியைத் தர வேண்டும். சர்வீஸ் மையங்கள் ரீசெட்டுக்கு முன் என்ன சோதித்தோம், ஏன் அழிக்கிறோம் என்பதை வேலைச்சீட்டில் எழுதித் தர வேண்டும்.

ரீசெட்டும் ஃப்ளாஷும் கைவிட வேண்டிய முறைகள் அல்ல. காரணம் கண்ட பிறகு கையாள வேண்டிய முறைகள். அடுத்த முறை யாராவது உங்கள் போனை அழிக்கச் சொன்னால், எந்தச் சோதனையின் பேரில் சொல்கிறார் என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை சம்மதிக்காதீர்கள்.