மண்பானைத் தண்ணீர்

மண்பானை தண்ணீரைக் குளிர்விக்க மின்சாரம் கேட்பதில்லை. சுட்ட களிமண்ணின் நுண்துளைகளே போதும். அவற்றின் வழியே கசியும் நீர் வெளிப்பரப்பில் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதில் பெரும்பங்கு பானையிலிருந்தும் உள்ளிருக்கும் நீரிலிருந்தும் போகிறது. வெயிலில் நாற்று நடுபவரின் உடலை வியர்வை தணிப்பதும் இதே கணக்கில்தான்.

புதுச்சேரி வில்லியனூரின் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. பொம்மைக்குக் கிடைக்கும் பாராட்டு தண்ணீர்ப் பானைக்குக் கிடைப்பதில்லை என்பது குறைதான். பானை எங்கும் ஒரேபோலக் குளிர்விப்பதில்லை. புதுச்சேரியிலேயே கடலுக்குப் பக்கமான அபிஷேகப்பாக்கத்தில் காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் ஆவியாதல் மந்தப்படும். அப்போது, வறண்ட உள்நாட்டு ஊர்களில் குளிரும் அளவுக்கு அங்கே நீர் குளிராது. உப்புப் படிந்து துளைகள் அடைபட்டாலும் அப்படியே. பளபளக்கும் பெயின்ட் பூசிய பானை அழகுக்கு ஆகும், தண்ணீருக்கு ஆகாது.