திருப்திக்கு எத்தனை மதிப்பெண்?

வளர்ச்சி தாமதமான குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை பற்றிப் பெற்றோரிடம் கருத்துக் கேட்டால் பெரும்பாலும் நல்ல பதிலே வரும். அதை எவ்வளவு நம்பலாம்? 'திருப்தியா?' என்று கேட்டு வாங்கிய பதிலை நான் நம்பமாட்டேன். 'என்ன செய்தார்கள்?' என்று கேட்டு வாங்கியதை நம்பலாம், அதுவும் ஓரளவுக்கு.

இரண்டு வயதாகியும் பிள்ளைக்கு நடை வரவில்லையே என்று அலைந்து களைத்த தாய், பிசியோதெரபிஸ்ட் எதிரில் உட்கார்ந்து படிவத்தில் குறை எழுதுவாரா? அடுத்த வாரமும் அதே அறைக்குத்தான் வந்தாக வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு மையமும் அவருக்குத் தெரியாது.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கும் கேன்சைல்டு மையம் 1990களில் உருவாக்கிய எம்.பி.ஓ.சி. வினாத்தாள் இங்கேதான் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. அதன் 20 கேள்வி கொண்ட சுருக்க வடிவம் திருப்தியைக் கேட்பதே இல்லை. கடந்த ஓராண்டில் ஊழியர்கள் இன்னின்னதை எந்த அளவுக்குச் செய்தார்கள் என்று கேட்டு, 1 முதல் 7 வரை மதிப்பெண் போடச் சொல்கிறது. பல நாடுகளில் பயன்படுத்தியபோது, மரியாதையாக நடத்தினார்களா என்பதற்கு நல்ல மதிப்பெண் விழுந்தது. பொதுவான தகவல்களைத் தந்தார்களா என்பதற்கோ பெரும்பாலும் கடைசி இடம். அன்பாகப் பேசினார்கள், ஆனால் விவரம் சொல்லவில்லை: ஒரே பெற்றோர் இரண்டையும் சொல்கிறார். திருப்திக் கேள்வி இதை மூடி மறைத்திருக்கும்.

அமெரிக்காவில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான சேவைக்கு 1986இல் சட்டம் வந்தது. உரிமைகளை அறியவும், பிள்ளையின் தேவையை எடுத்துச் சொல்லவும், அதன் வளர்ச்சிக்குத் துணைநிற்கவும் சேவை உதவியதா என்று குடும்பங்களைக் கேட்டு மாநிலங்கள் ஆண்டுதோறும் அறிக்கை தருகின்றன. கேட்பவை சரியானவைதான். ஆனால் 'உதவியதா' என்றாலே பாதி 'ஆமாம்' வாயில் வந்துவிடுகிறது.

எம்.பி.ஓ.சி.யாலும் எட்ட முடியாத ஓர் இடம் உண்டு. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் நம் மாவட்டங்களில் இடையீட்டு மையங்கள் வந்தன. பஸ் பிடித்து அங்கே போனால் அன்றைய கூலி போச்சு. "அவங்கப்பனுக்கும் பேச்சு லேட்டாத்தான் வந்துச்சு, எதுக்கு அலையுற?" என்று பாட்டி சொல்ல, வருகை நின்றுவிடும். வராதவர் கையில் படிவம் எப்படிப் போகும்? தென்காசி மாவட்டம் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம் ஊழியர்களை வீட்டுக்கே அனுப்புவது இதற்கு ஒரு வழி. வாசலில் கேட்கும் கேள்விக்கு வேறு பதில் வர வாய்ப்புண்டு. கேட்பவர் சேவை தருபவராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பாதியில் நின்றவர்களின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அவர்களைத் தேடிப்போய்க் கேட்காத கருத்துக்கணிப்பை, எத்தனை மதிப்பெண் காட்டினாலும், அந்த மையத்துக்கு ஆதரவான சான்றாக நான் ஏற்கமாட்டேன்.