தேதி யார் கையில்?

வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் மீது 2009-10இல் புலம்பெயர் ஈழத்தமிழர்கள் நடத்திய மீள்வாக்கெடுப்பைப் பற்றிப் பேச்சு வந்தால், நம் பக்கம் ஒரே விமர்சனம்தான்: "அவசரப்பட்டுட்டாங்க, நேரம் சரியில்லை." போன வாரம் மேலப்பாளையத்தில் ஒரு நண்பரும் இதையே சொன்னார். எனக்கு இது பாதிதான் சரி என்று படுகிறது. நேரம் சரியில்லை என்பவர்கள், நேரத்தைக் குறிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று கேட்பதே இல்லை.

1972இலிருந்து பார்ப்போம். புதிய அரசியலமைப்பைத் தமிழர்கள் ஏற்கிறார்களா என்று காட்டுவதற்காக, செல்வநாயகம் அந்த அக்டோபரில் காங்கேசன்துறைப் பதவியைத் துறந்தார். இடைத்தேர்தலையே வாக்கெடுப்பாக்கும் திட்டம். நல்ல திட்டம்தான், ஆனால் தேர்தல் தேதி கொழும்பின் கையில். நடந்தது 1975 பிப்ரவரி 6இல்! பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். அதற்குள் இரண்டு வருஷத்துக்கு மேல் போய்விட்டது. இளைஞர்களின் பொறுமையும் கூடவே போய்விட்டது.

1976 மே மாதம் வட்டுக்கோட்டைத் தீர்மானம். 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 இடங்கள். வடக்கின் 14 தொகுதிகளும் அதில் அடக்கம். 'மக்கள் ஆணை' என்று இன்றைக்கும் சொல்லப்படுவது இதுதான். ஆனால் மிச்சம் நான்குதான் கிழக்கில். அந்த நான்கை யாரும் நின்று பார்ப்பதில்லை.

கிழக்கைப் புரிந்துகொள்ள எனக்கே ரொம்ப நாள் ஆனது. எங்கள் ஊரில் முஸ்லிமும் தமிழரும் வேறு வேறு என்று சொன்னால் சிரிப்பார்கள். அங்கே சென்சஸிலேயே சோனகர் தனி இனம். 1977இல் கூட்டணியோடு நின்ற அஷ்ரப், 1981இல் முஸ்லிம் காங்கிரசைத் தொடங்கிவிட்டார்.

இந்தப் பின்னணியில் 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். வடக்கோடு இணைந்திருப்பதா வேண்டாமா என்று கிழக்கு மக்கள் 1988 டிசம்பர் 31க்குள் வாக்களிக்க வேண்டும். அடுத்ததாக ஒரு வரி: ஜனாதிபதி விரும்பினால் ஒத்திவைக்கலாம். எத்தனை முறை என்று வரம்பு இல்லை. வருஷா வருஷம் ஒத்திவைத்தார்கள். கிழக்கில் இழுபறி என்பதால் ஒத்திவைப்பு தமிழர் தரப்புக்கும் வசதியாகத்தான் இருந்தது, இதைச் சொல்லத்தான் வேண்டும். நடுவில் 1990 அக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை ஊரைவிட்டே விரட்டினார்கள். அதற்குப் பிறகு எந்தத் தேதியில் கேட்டிருந்தாலும் கிழக்கு முஸ்லிம்கள் 'ஆம்' என்று சொல்லியிருப்பார்களா? கடைசியில் 2006இல் இணைப்பே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வாக்கெடுப்பு நடக்கவே இல்லை.

1983இல் வந்த ஆறாவது திருத்தம் பிரிவினை கேட்பதையே குற்றமாக்கியதால், தீவுக்குள் இந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை. ஆக, தமிழர்கள் தாங்களே தேதி குறிக்க முடிந்த ஒரே வாக்கெடுப்பு புலம்பெயர்ந்த நாடுகளில் நடந்ததுதான். நார்வேயில் 2009 மே 10, முள்ளிவாய்க்கால் முடிவுக்கு ஒரு வாரம் முன்பு. பிறகு பிரான்ஸ், கனடா, பிரிட்டன் என்று போனது. எல்லா இடத்திலும் 98, 99 சதவீதம் 'ஆம்'.

என் விமர்சனம் இந்த 99 சதவீதத்தின் மேல்தான். நான் தினமும் டெஸ்ட் கேஸ் எழுதுகிறவன். எந்தக் கோடைக் கொடுத்தாலும் பாஸ் ஆகிற டெஸ்ட் எதையுமே சோதிக்கவில்லை என்று அர்த்தம். கியூபெக்கின் இரண்டாவது வாக்கெடுப்பில், 1995இல், 'ஆம்' தரப்பு 49.42 சதவீதம் வாங்கித் தோற்றது. ஆனாலும் கனடா நடுங்கியது. 'இல்லை' சொல்லக்கூடியவர்களும் பெட்டிக்கு வந்த வாக்கெடுப்பு அது. ஸ்காட்லாந்தும் 2023 அக்டோபர் 19 என்று தேதியே குறித்தது, லண்டன் அனுமதி இல்லாமல் முடியாது என்று நீதிமன்றம் சொன்னதும் நின்றுபோனது. அங்கேயும் தேதி வேறொருவர் கையில்தான்.

மீள்வாக்கெடுப்பைத் துக்கத்தின் வெளிப்பாடாகப் பார்த்தால் எனக்கு அதில் குறையே இல்லை. வியூகமாகப் பார்த்தால், சம்மதிக்க வைக்க வேண்டியவர் டொராண்டோவில் இல்லை, அக்கரைப்பற்றிலும் மூதூரிலும் இருந்தார். 1977க்குப் பிறகு அவரிடம் போய்க் கேட்க எந்த ஜனாதிபதியின் அனுமதியும் தேவைப்பட்டிருக்காது.