ஒன்பதாவது ஆளை நம்பிய சீசன்

2013 ஜூன் 18. மயாமியில் என்.பி.ஏ. இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். 28 விநாடிகள் மிச்சமிருக்கும்போது சான் ஆன்டோனியோ ஸ்பர்ஸ் ஐந்து புள்ளிகள் முன்னால் இருந்தது. கோப்பை வழங்கும் ஏற்பாட்டுக்காகக் களத்தைச் சுற்றிக் கயிறு கட்டவே ஆரம்பித்துவிட்டார்கள். லெப்ரான் ஜேம்ஸ் ஒரு மூன்று புள்ளி போட்டார். கவாய் லெனர்ட் இரண்டு ஃப்ரீ த்ரோக்களில் ஒன்றைத் தவறவிட்டார். கடைசியாக ஜேம்ஸ் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் திரும்பியது. கிறிஸ் பாஷ் அதைப் பிடித்து மூலைக்குத் தள்ள, ரே ஆலன் பின்வாங்கியபடியே எறிந்து சமன் செய்தார். அப்போது 5.2 விநாடிகள்தான் பாக்கி. கூடுதல் நேரத்தில் மயாமி ஹீட் வென்றது, ஏழாவது ஆட்டத்தையும் வென்று கோப்பையை எடுத்துக்கொண்டது.

இப்படித் தோற்ற அணிகள் வழக்கமாகப் பெரிய பெயர் ஒன்றைத் தேடிப் போகும். ஸ்பர்ஸ் போகவில்லை. சிகாகோவிலிருந்து மார்கோ பெலினெல்லியை எடுத்தார்கள். மற்றபடி ஏறக்குறைய அதே ஆட்கள்தான். டிம் டங்கனுக்கு வயது முப்பத்தேழு, மானு ஜினோபிலிக்கு முப்பத்தாறு, டோனி பார்க்கருக்கு முப்பத்தொன்று. இவர்களை வைத்துக்கொண்டு பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச் நடத்திய 2013-14 சீசனைத்தான் நான் பார்த்த கூடைப்பந்தில் மிகச் சிறந்ததாகச் சொல்வேன். அந்த சீசனில் ஸ்பர்ஸ் எடுத்த கோப்பை ஜூன் மாதத்தில் ஜெயித்ததல்ல. அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, யாரும் அவ்வளவாகக் கவனிக்காத 82 லீக் ஆட்டங்களில் ஜெயித்தது.

என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம். நட்சத்திர ஆட்டக்காரர் என்றால் அதில் 35, 38 நிமிடம் களத்தில் இருப்பார். அந்த ஆண்டு ஸ்பர்ஸ் அணியில் ஒருவர்கூடச் சராசரியாக 30 நிமிடத்தைத் தொடவில்லை. லீக் வரலாற்றில் அதற்கு முன் எந்த அணியும் இப்படி ஒரு சீசனை முடித்ததில்லை. அதிகம் ஆடிய பார்க்கருக்கே 29.4 நிமிடம்தான். அணியில் அதிகப் புள்ளி எடுத்தவரும் அவர்தான்; அதுவும் ஆட்டத்துக்கு 16.7 மட்டுமே. இதை வைத்துக்கொண்டு 62 வெற்றி, 20 தோல்வி, லீக்கிலேயே முதலிடம். பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் இரண்டாம் தேதி வரை தொடர்ச்சியாக 19 ஆட்டங்களை ஜெயித்தார்கள்.

நிமிடத்தைப் பங்கிட்டதன் பலனைச் சிலர் கிழவர்களுக்குக் கிடைத்த ஓய்வாக மட்டும் பார்க்கிறார்கள். அது பாதிக் கதை. டங்கன் உட்கார்ந்த நேரத்தில் களத்தில் இருந்தது யார் என்பதுதான் முக்கியம். பேட்டி மில்ஸ் 81 ஆட்டங்களில் ஆடினார், பெலினெல்லி 80, போரிஸ் டியா 79. மில்ஸ் சீனாவில் ஆடிவிட்டு வந்து சேர்ந்தவர். டியாவை 2012இல் சார்லட் அணி வேண்டாம் என்று விடுவித்திருந்தது. டேனி கிரீனைக் கிளீவ்லேண்ட் கைவிட்டது. ஸ்பர்ஸே ஒரு முறை வெளியே அனுப்பிவிட்டுத்தான் திரும்ப எடுத்தது. இவர்களை பாப்போவிச் ஆட்டம் ஏற்கெனவே முடிவாகிவிட்ட கடைசி நிமிடங்களுக்காக வைத்திருக்கவில்லை. ஸ்கோர் நெருக்கமாக இருக்கும்போதே இறக்கினார், தவறு செய்யவிட்டார், மறுநாளும் இறக்கினார்.

இப்படி ஆடும் அணிக்குப் பந்து ஒருவர் கையில் தங்கினால் கட்டுப்படியாகாது. ஐந்து பேரும் பாஸ் செய்தாக வேண்டும். தனக்குக் கூடை தெரிந்தாலும், தன்னைவிட வசதியான இடத்தில் நிற்பவனுக்குத் தள்ளிவிட வேண்டும். ஆட்டத்துக்கு 25.2 அசிஸ்ட் (கூடையில் முடிந்த பாஸ்) என்று அந்த சீசனில் லீக்கில் முதலிடம். மூன்று புள்ளி எறிதலிலும் 39.7 சதவீதத்தோடு முதலிடம். பந்து வேகமாகக் கை மாறியதால்தான் எறிபவருக்கு முன்னால் ஆள் இல்லை.

பிளே-ஆஃப் அவர்களுக்குச் சுலபமாகவும் அமையவில்லை. எட்டாம் இடத்தில் வந்த டல்லாஸ் அவர்களை ஏழாவது ஆட்டம் வரை இழுத்தது. போர்ட்லேண்டைச் சீக்கிரம் முடித்தார்கள். அடுத்து ஓக்லஹோமா சிட்டி. லீக் சுற்றில் நான்கு முறை மோதி நான்கிலும் ஸ்பர்ஸ் தோற்ற அணி. முதல் இரண்டு ஆட்டங்களை ஸ்பர்ஸ் எடுத்தது. காயத்தில் இருந்த செர்ஜ் இபாக்கா திரும்பி வந்ததும் அடுத்த இரண்டும் கை நழுவின.

அந்தத் தொடரின் ஆறாவது ஆட்டம்தான் பாப்போவிச்சின் கணக்குக்கு உண்மையான பரீட்சை. கணுக்கால் வலியால் பார்க்கர் இரண்டாம் பாதியில் இறங்கவே இல்லை. எதிரணி ஊர், எதிரில் கெவின் டூரன்ட், ரஸல் வெஸ்ட்புரூக். டியா 26 புள்ளிகள் எடுத்தார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் 112-107 என்று ஸ்பர்ஸ் பக்கம் முடிந்தது. ஆட்டத்தை நடத்துகிற ஆளையே இழந்த ஓர் அணி அன்று பதறவில்லை. பார்க்கர் இல்லாத நிமிடங்களை டிசம்பர் முதலே ஆடிப் பழகியிருந்தார்கள்.

இறுதிச் சுற்றில் மறுபடியும் மயாமி. முதல் ஆட்டத்தில் சான் ஆன்டோனியோ அரங்கின் குளிர்சாதனம் பழுதாகிவிட்டது. அந்த வெக்கையில் ஜேம்ஸுக்குத் தசைப்பிடிப்பு வந்து கடைசி நிமிடங்களில் வெளியேற, ஸ்பர்ஸ் 110-95 என்று ஜெயித்தது. இதில் அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது ஆட்டத்தை மயாமி இரண்டே புள்ளியில் எடுத்தது.

பிறகு பாப்போவிச் ஒரு மாற்றம் செய்தார். டியாகோ ஸ்ப்ளிட்டரை உட்காரவைத்து டியாவைத் தொடக்க ஐவரில் சேர்த்தார். டியா உயரமானவர், கனமானவர், ஆனால் பாஸ் செய்வதில் ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டின் கண் உள்ளவர். கூடைக்கு அருகே நின்ற மயாமியின் பெரிய ஆட்கள் அவரைத் தேடி வெளியே வர வேண்டியதாயிற்று. மூன்றாவது ஆட்டத்தின் முதல் பாதியில் ஸ்பர்ஸ் எடுத்தது 71 புள்ளிகள்; எறிந்ததில் 75.8 சதவீதம் விழுந்தது. இறுதிச் சுற்று வரலாற்றில் எந்தப் பாதியிலும் யாரும் அப்படி எறிந்ததில்லை. 111-92, அடுத்து 107-86. ஐந்தாவது ஆட்டத்தின் தொடக்கத்தில் 22-6 என்று பின்தங்கியும் 104-87 என்று முடித்தார்கள். அன்று மூன்றாம் கால்பகுதியில் மட்டும் மில்ஸ் 14 புள்ளிகள் குவித்தார். தொடரின் சராசரி வித்தியாசம் 14 புள்ளிகள், இறுதிச் சுற்றுகளில் அதுவரை கண்டிராத இடைவெளி. சிறந்த ஆட்டக்காரர் விருது, முந்தைய ஆண்டு ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்ட லெனர்டுக்கு. அவருக்கு அப்போது 22 வயது.

இந்த முறைக்கு உத்தரவாதம் கிடையாது. அடுத்த ஆண்டே கிட்டத்தட்ட இதே அணி முதல் சுற்றில் கிளிப்பர்ஸிடம் ஏழு ஆட்டங்களில் வீழ்ந்தது, ஏழாவதில் கிறிஸ் பால் ஒரு விநாடி மிச்சமிருக்கும்போது போட்ட பந்தில்.

ஆனாலும் எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. மற்ற அணிகள் ஸ்பர்ஸைப் பார்த்து ஒன்றை மட்டுமே எடுத்துக்கொண்டன: நட்சத்திரத்துக்கு ஆட்டத்தையே விடுமுறையாகக் கொடுப்பது. அதற்கு பாப்போவிச்சும் ஒரு காரணம்தான். 2012 நவம்பரில் மயாமி ஆட்டத்துக்கு முன் டங்கன், பார்க்கர், ஜினோபிலி, கிரீன் நால்வரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார். லீக் இரண்டரை லட்சம் டாலர் அபராதம் போட்டது. பிறகு இது எல்லா அணிகளிலும் வழக்கமாயிற்று. டிக்கெட் வாங்கி வந்த குடும்பம் தன் நட்சத்திரத்தை பெஞ்சில் சாதாரண உடையில் பார்த்துவிட்டுத் திரும்பியது. 2018-19இல் டொரன்டோவுக்காக லெனர்ட் 60 லீக் ஆட்டங்கள் மட்டுமே ஆடி, கோப்பையும் வென்றார். கடைசியில் 2023-24 முதல், பெரிய தனிநபர் விருதுகளுக்குக் குறைந்தது 65 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் என்று லீக் விதி போட்டது.

அந்த அளவுகோலை 2014 ஸ்பர்ஸ் மேல் வைத்துப் பார்த்தேன். டங்கன் 74 ஆட்டங்கள். பார்க்கர் 68, ஜினோபிலி 68, கிரீன் 68. கை எலும்பு முறிந்து 14 ஆட்டங்களைத் தவறவிட்ட லெனர்ட்கூட 66. ஐந்து பேருமே தேறுகிறார்கள். பாப்போவிச் அந்த ஆண்டு குறைத்தது பெரும்பாலும் நிமிடங்களைத்தான். காசு கொடுத்து வந்தவர்கள் டங்கனைப் பார்த்தார்கள், அவர் உட்கார்ந்த நேரத்தில் மில்ஸையும் டியாவையும் பார்த்தார்கள்.