கெல்லி மாளிகையும் மாரியம்மன் கோயிலும்

பேராக் மாநிலத்துப் பத்து காஜாவுக்கு அண்மையில் முற்றுப்பெறாத மாளிகை ஒன்று நிற்கிறது. ஸ்காட்லாந்தினின்று 1890இல் மலாயா வந்து, தோட்ட முதலாளியாய் உயர்ந்த வில்லியம் கெல்லி ஸ்மித், 1915இல் இதனைக் கட்டத் தொடங்கினார். தென்னிந்தியத் தொழிலாளர் அப்பணியில் உழைத்தனர். ஸ்பானிய விஷக் காய்ச்சல் பரவி அவர்களுள் பலர் மாண்டனர். எஞ்சியோர் வேண்டுகோளின்படி, சற்றுத் தொலைவில் மாரியம்மன் கோயில் எழுந்தது. 1926இல் ஸ்மித் லிஸ்பனில் காலமானார், வேலை நின்றது, மாளிகையைக் காடு மூடியது.

பின்னர்க் காடு அகற்றப்பெற்று, கட்டடம் செப்பனிடப்பெற்றுக் காட்சித் தலமாயிற்று. முடியாததை முடித்துப் புதுமாளிகை ஆக்காமல், அதன் குறைத் தோற்றத்தைப் பெரும்பாலும் காத்தமை பாராட்டற்குரியது. செங்கல் தெரியும் சுவரே ஈண்டு வரலாற்று ஏடு அன்றோ?

ஆயினும் குறை ஒன்றுண்டு. வருவோர் நாவில் பேய்க் கதையும் சுரங்கப் பாதைக் கதையுமே மிகுதி. செங்கல் சுமந்த கைகளைப் பற்றிய பேச்சு அருகியே கேட்கிறது. சுவரைச் செப்பனிட்டால் போதுமா? வரலாற்றையும் செப்பனிடல் வேண்டும்.

கோயிலின் மேற்கூரையில் தெய்வ வடிவங்களிடையே, ஸ்மித்தினுடையது எனப்படும் வெள்ளுடை உருவமும் உண்டு. உழைத்தவர் முதலாளிக்குத் தம் கோயிலில் இடந்தந்தனர். மாளிகையின் வரலாற்றில் அவர்க்கும் உரிய இடம் வேண்டும். மாணாக்கரை மாளிகைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், கோயிலையும் காட்டுதல் கடன்.